போர்ட்டிகோ சுவரில் செல்வமேரி

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை அனுப்பும்படி ஏஜென்சியிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

“இன்னா, எங்கயோ பாத்த மாதிரி கீதுல்ல?” என்றார் வாசலில் நின்ற பெண்.

“இல்லக்கா... இல்ல.”

“போன்ல பாத்திருப்ப. ஜோதி பங்களா. அந்தப் பொண்ணு நான்தான். அதாவது அது நானில்ல, மூஞ்சி மட்டும் என்னுது.”

அவர் சேலையை இரண்டு அங்குலம் தூக்கிக் காட்டினார்.

“கால் கீதா பாத்துக்கோ. ரெண்டும் கீது. பித்தவெடிப்பு கூட கீது. பேய்க்கு எங்கனா பித்தவெடிப்பு வருமா?”

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “யாரு வினிதா?”

“ஏஜென்சிலேர்ந்து வந்திருக்காங்கம்மா.”

“உள்ள கூப்புடு. ஏன் வாசல்லயே நிக்க வெக்கிற?”

அந்தப் பெண் வாசற்படியைத் தாண்டவில்லை.

“மொதல்ல ஒன்னு சொல்லிடு. வெச்சுக்குவியா, அனுப்பிடுவியா? இப்பவே சொன்னா செருப்பக் கழட்டாம அப்டியே போயிடுவேன். உள்ள வந்து, உங்கம்மாவுக்கு கஞ்சி ஊட்டிகினு இருக்கும்போது நீ போனப் பாத்துட்டு ‘எழுந்து போ’ன்னு சொன்னா, அத என்னால தாங்க முடில.”

“உள்ள வாங்கக்கா.”

“நெஜமாவா?”

“நெஜமா.”

அவர் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். “பேரு செல்வமேரி,” என்றார். “ஜோதின்னு மட்டும் கூப்டாத.”

இவ்வளவுதான் அன்றைய பேச்சு. நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. ஜோதி பங்களாவைப் பற்றிய அந்த யூடியூப் வீடியோவில் கீழே ஓடும் ஆங்கில வரிகளை எழுதியது நான்தான். வீட்டிலிருந்தபடியே வீடியோக்களுக்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் எழுதுவது அப்போது என் வேலை. இறந்துபோன இளம்பெண் ஜோதி இன்னும் அந்த மாடியில் காத்திருக்கிறாள் என்ற வரியை ஆங்கிலத்தில் எப்படிப் போட்டால் மயிர்க்கூச்செறியும் என்று அரைமணி நேரம் யோசித்து எழுதியிருந்தேன்.

செல்வமேரி அக்காவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. கேளம்பாக்கத்தில் பிறந்தவர். அப்பா உப்பளத்தில் வேலை செய்தார். பத்தொன்பது வயதில் கிழக்குத் தாம்பரத்துக்கு வேலைக்கு வந்தார். வந்து சேர்ந்த இடம்தான் அந்தப் பங்களா.

அப்போது அதற்கு ஜோதி பங்களா என்று பெயரில்லை. வில்பிரட் பங்களா. தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், வில்பிரட் என்ற ரயில்வே இன்ஜினியர் ஒரு ஏக்கர் மாந்தோப்புக்கு நடுவே கட்டியது. மங்களூர் ஓடு, வளைந்த போர்ட்டிகோ, தேக்கு மரத்தில் மாடிப்படி. யுத்த காலத்தில் விமானப்படை அதிகாரிகள் சிலர் அங்கே தங்கினார்களாம். அவர்களில் ஒருவர் திரும்பி வராமல் போனதாகவும், அவருடைய பூட்ஸ் சத்தம் சாயங்காலமானால் மாடிப்படியில் கேட்பதாகவும் ஒரு கதை வெகுநாள் இருந்தது.

“சத்தம் கேக்கும், அது நெஜம்,” என்றார் அக்கா. “பகல்ல வெயில்ல அந்த மரம் ஊதிக்கும். ஆறு மணிக்கு மேல சுருங்கும்போது டக்கு டக்குன்னும். டீச்சர் சொல்லுவாங்க, ‘மேரி, ஆபீசர் வந்துட்டாரு, டீ போடு’ன்னு. எனக்கும் அவங்களுக்கும்தான் டீ.”

டீச்சர் என்பது வில்பிரட்டின் பேத்தி ஞானஜோதி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருடம் கணக்கு எடுத்து, ஓய்வு பெற்ற இரண்டாம் மாதமே பக்கவாதம் வந்து படுத்தவர். அவரைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் போர்ட்டிகோவுக்குத் தள்ளிக்கொண்டு வருவது செல்வமேரியின் வேலை. பதினோரு வருடம் அதைச் செய்தார்.

அந்த வேலையில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. படுத்திருப்பவரைத் தூக்கும்போது, “மூணு எண்ணுவேன், தூக்குவேன்” என்று சொல்லிவிட்டு, இரண்டிலேயே தூக்கிவிடுவார். மூன்று வரும் என்று காத்திருக்கும் உடம்பு பயத்தில் விறைத்துக்கொள்ளுமாம். இரண்டில் தூக்கினால் அது தளர்வாக இருக்கும், வலிக்காது. அம்மாவுக்கு முதல் நாள் அப்படித்தான் செய்தார். “மூணுன்னு சொன்னீங்களே!” என்று அம்மா கத்தி முடிப்பதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இதில் விசேஷம், அம்மா மூன்று மாதமும் ஒவ்வொரு தடவையும் ஏமாந்தாள்.

டீச்சர் இறந்தது 2009 மே மாதம், மதியம் நாலு மணிக்கு. தூக்குமில்லை, விஷமுமில்லை. ஹார்லிக்ஸ் குடித்துவிட்டு, “மின்விசிறியைக் கூட்டு” என்றார். செல்வமேரி ரெகுலேட்டரைத் திருப்பிவிட்டு வந்து பார்த்தபோது போய்விட்டிருந்தார். டாக்டர் வந்து எழுதிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் செல்வமேரியின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை.

எங்கள் பக்கத்தில் யாராவது இறந்தால் விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்துவிடும். இறந்தவரின் படம் நடுவில் பெரிதாக இருக்கும். கீழே, துயரத்தில் பங்கு கொள்கிறவர்களின் படங்கள் சின்னச் சின்னதாக வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் அடியில் பெயரோடு. டீச்சருக்கு அந்தப் போஸ்டரைப் போட்டவர்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் ஆஸ்பத்திரிக்கும் டீச்சரை அழைத்துப் போனவர்கள் அவர்கள். ஸ்டாண்டுக்குத் தலைவர் முனிரத்தினம் என்ற டிரைவர்.

“மேரி, நீதான் கூடவே இருந்தவ. ஒன் போட்டோவும் கீழ போடணும்,” என்று அவர் கேட்டார். செல்வமேரி டீச்சரின் பென்ஷன் புத்தகத்திலிருந்து வெளிறிப்போன ஒரு படத்தைக் கிழித்துக் கொடுத்தார். கூடவே, தன் இருபத்து நாலாவது வயதில் ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம். இரண்டும் ஒரே கவரில் அச்சகத்துக்குப் போயின. “நடுவுல பெருசா லேடீஸ் போட்டோ, கீழ எங்களுது எல்லாம்” என்று முனிரத்தினம் போனில் சொன்னார். கவரில் இரண்டு பெண்களின் படங்கள் இருந்தன. அச்சகத்துக்காரர் எது தெளிவாக இருந்ததோ அதைப் பெரிதாக்கினார்.

மறுநாள் காலையில் தெரு முழுக்க ஞானஜோதி என்ற பெயருக்கு மேல் செல்வமேரி சிரித்துக்கொண்டிருந்தார். கீழ் வரிசையில், ஆறு ஆட்டோ டிரைவர்களுக்குப் பக்கத்தில், டீச்சரின் தபால்தலை அளவு முகம். அடியில் ‘செல்வமேரி’ என்று அச்சாகியிருந்தது.

“பால் வாங்கப் போறேன், எதிர்த்தாப்ல என் மூஞ்சி. மாலைலாம் டிசைன் பண்ணி வெச்சிருக்கான். பால்காரர் ‘ஐயோ’ன்னு கவர கீழ போட்டுட்டாரு.”

முனிரத்தினமும் மற்றவர்களும் வியர்க்க விறுவிறுக்கத் தெருவில் ஒட்டியதையெல்லாம் மதியத்துக்குள் கிழித்துவிட்டார்கள். ஒன்று மட்டும் மிச்சம். அது வீட்டுக்குள்ளே, போர்ட்டிகோ சுவரில் ஒட்டியது. அங்கே ஐஸ் பெட்டியும் நாற்காலிகளும் பாதிரியாரும் சொந்தக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் போய்ச் சுவரைச் சுரண்ட யாருக்கும் துணிவு வரவில்லை. அடக்கம் முடிந்து வந்து கிழித்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. டீச்சரின் தம்பி மகன் ஜெபசீலன் பூட்டியது. செல்வமேரியின் டிரங்குப் பெட்டி கேட்டுக்கு வெளியே இருந்தது. சில நாளில் இன்னொரு உறவுக்காரர் கோர்ட்டுக்குப் போனார். வீட்டை யாரும் திறக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த வழக்கு பதினைந்து வருடம் நடந்தது.

போர்ட்டிகோவுக்குள் மழை படாது. போஸ்டர் நிறம் மங்கியது, ஓரம் சுருண்டது. ஆனால் முகம் போகவில்லை. கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்தால் நேராகத் தெரியும். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் பார்த்தார்கள். பூட்டிய பங்களா, இளம்பெண், ஞானஜோதி என்ற பெயர். போதாதா?

முதலில் ‘ஜோதியைப் பார்த்தேன்’ என்று சொன்னவர் ஓர் இஸ்திரிக்காரர். சாயங்காலம் ஆறு மணி சுமாருக்குப் போஸ்டரில் இருக்கும் அதே பெண் கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை உள்ளே நீட்டி எதையோ காட்டினாள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அது செல்வமேரிதான். மாங்காய் பறிக்கும் தொரட்டியைக் கம்பிக்குள் விட்டு, போஸ்டரைச் சுரண்டி எடுக்கப் பார்த்திருக்கிறார். தொரட்டி எட்டவில்லை. இஸ்திரிக்காரர் ஓடிய ஓட்டத்தில் வண்டியிலிருந்த துணியெல்லாம் தெருவில் விழுந்தது. “நான்தான் பொறுக்கிக் குடுக்கலாம்னு பின்னாலயே ஓடினேன். அந்தாளு இன்னும் வேகமா ஓடினான்.”

ஜோதி வந்த பிறகு விமானப்படை அதிகாரிக்கு வேலையில்லாமல் போயிற்று. மாடிப்படியில் கேட்பது இப்போது கொலுசுச் சத்தம் என்றார்கள். ஜோதி தூக்குப் போட்டுக்கொண்டாள் என்றது ஒரு கதை. விஷம் வைத்தார்கள் என்றது இன்னொன்று. கிணற்றில் குதித்தாள் என்பதும் உண்டு. அதைக் கேட்டால் மட்டும் அக்காவுக்குக் கோபம் வரும். “அந்தக் கெணத்துல என்னைக்குக் கீது தண்ணி? முட்டிக்கு மேல வந்து நான் பாத்ததில்ல.”

இடையில் அக்காவுக்கு ஒரு கல்யாணம் நடந்து, எட்டு மாதத்தில் முடிந்தது. அதைப் பற்றி அவர் சொன்னது ஒரே வரி: “அந்தாளு ஒரு பேஜாரு.” சேலையூர் பக்கம் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் தெரிந்த வேலை. மாடம்பாக்கம், மேடவாக்கம், பெருங்களத்தூர் என்று வீடு வீடாகப் போனார். தெருக்கதையாக இருந்தவரை அவருக்குச் சேதமில்லை. 2022இல் கேஷவ் என்பவர் தன் சேனலுக்காகச் சுவரேறிக் குதித்துப் பங்களாவைப் படம் பிடித்தார். வீடியோவின் முகப்பில் அந்தப் போஸ்டர் முகத்தை வைத்தார். பதினோரு லட்சம் பேர் பார்த்தார்கள். நான் எழுதிய ஆங்கிலத்தின் உதவியில் வெளியூர்களிலும் பார்த்தார்கள்.

அந்த ஒரு வருடத்தில் நான்கு வீடுகளிலிருந்து அவரை அனுப்பினார்கள். படித்தவர்கள், பேயை நம்பாதவர்கள். “எங்களுக்கு அதெல்லாம் இல்ல, பெரியவங்க பயப்படறாங்க” என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம். சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் செத்துப்போனவள் முகம் எதற்கு என்று நினைத்திருக்கலாம். மேடவாக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதனால்தான் எங்கள் வாசலில் அந்தக் கேள்வி.

மூன்றாம் வாரம் நான் அவரிடம் சொல்லிவிட்டேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அக்கா, அந்த வீடியோல இங்கிலீஷ் எழுதினது நான்தான்.”

கை நிற்கவில்லை. “நல்லா எழுதினியா?”

“ம்.”

“அதான் அவ்ளோ பேர் பாத்துகீறான்,” என்றார். தண்டுகளைத் தனியாக வைத்தார். அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டே, “அத எடுக்க முடியுமா பாரு,” என்றார்.

கேஷவுக்குப் போன் செய்தேன். “வினிதா, நம்ம சேனல்லயே டாப் வீடியோ அது. எப்படி எடுக்கறது?” என்றார். பிறகு குரல் மாறியது. “அவங்க உயிரோட இருக்காங்களா? அப்ப நேர்ல வரச் சொல்லுங்க. பார்ட் டூ பண்ணலாம். உண்மைய அவங்க வாயாலயே சொல்லட்டும்.”

எனக்கு அது சரியாகவே பட்டது. நான்தான் அக்காவைச் சம்மதிக்கவைத்தேன். அவர் இருந்த ஒரே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, பூட்டிய கேட்டின் முன் நின்று, கேமராவைப் பார்த்துச் சொன்னார்: “என் பேரு செல்வமேரி. நான் சாவல. டீச்சரும் நல்லபடியாதான் செத்தாங்க.”

கீழே வந்த கருத்துகளை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. நடிகை என்றார்கள். ஜோதியின் அக்கா என்றார்கள். பேய்க்கும் வயசாகுமா என்று ஒருவர் கேட்டதற்கு ஐந்நூறு பேர் சிரித்திருந்தார்கள். முன்பு பழைய படத்தை வைத்து அவரை அடையாளம் காணக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். இப்போது அந்தச் சிரமமும் இல்லை. இப்போதைய முகமே பதினெட்டு லட்சம் பேரிடம் போய்விட்டது. கேஷவின் வேலையை விட்டேன். அதனால் அக்காவுக்கு ஒரு லாபமும் இல்லை. அம்மா எழுந்து நடக்கத் தொடங்கியதும் எங்கள் வீட்டு வேலை முடிந்தது. அதன் பிறகு ஏஜென்சி அவரைக் கூப்பிடவே இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்கப் போனார். அங்கே யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்றார்.

போன வருடம் வழக்கு முடிந்து, பங்களாவை ஒரு பில்டர் வாங்கினார். நாற்பத்தெட்டு ஃப்ளாட் வரப்போகிறது. விலை விசாரிக்க வருகிறவர்கள் கார் பார்க்கிங்குக்கு அடுத்தபடியாக ஜோதியைப் பற்றித்தான் கேட்டார்களாம். இடிப்பதற்கு முன் ஆவியை வெளியேற்றிவிடுவது என்று பில்டரின் மேனேஜர் தயாளன் முடிவு செய்தார்.

முனிரத்தினம் இப்போது அந்தக் கம்பெனிக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர்தான் தகவல் கொண்டுவந்தார். “மேரி, கேட்டத் தொறக்கறாங்கோ. பெருக்க ஆள் வோணுமாம். வர்றியா? அன்னிக்கு வுட்டத இன்னிக்கு கிழிச்சிரலாம்.” பதினைந்து வருடமாக அவர் அக்காவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை. அன்றும் அக்கா கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

சனிக்கிழமை. நானும் போனேன். காலை ஒன்பது மணிக்குக் கேட்டுப் பூட்டை அறுத்துத் திறந்தார்கள். மாமரங்கள் நான்கு மிச்சம். ஓடெல்லாம் சரிந்திருந்தது. அக்கா போர்ட்டிகோ படிவரை போய், தன் முகத்துக்கு நேராக நின்றார். கிழிக்கக் கை தூக்கினார்.

“யம்மா, தொடாத!” என்று தயாளன் அழைத்து வந்திருந்த பூசாரி கத்தினார். “அது இன்னும் எறங்கல. தொட்டா ஒன் மேல ஏறிடும்.”

“என் மேலதான் சாமி பாஞ்சு வருசமா கீது,” என்றார் அக்கா.

பூசாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழம் எத்தனை என்று தயாளனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். முன்னதாக ஒரு சபை ஊழியர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போயிருந்தார். கிறிஸ்தவ வீடு என்பதால் இரண்டுக்கும் ஏற்பாடு.

இரண்டு மணி நேரம் நடந்தது. அக்கா துடைப்பத்தோடு ஓரமாக நின்று பார்த்தார். அவர் முகத்துக்கு மாலை போட்டார்கள். அவர் முகத்தைச் சுற்றிப் பூசணிக்காய் உடைத்தார்கள். “ஜோதி, இந்த எடத்த வுட்டுப் போறியா இல்லியா?” என்று பூசாரி வேப்பிலையால் சுவரை அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் அக்காவின் கண் சிமிட்டியது.

“போறேன்னு சொல்லிரலாம் போல கீது. காலு வலிக்குது,” என்று என் காதில் சொன்னார்.

கடைசியில் ஈரத்துணி போட்டுப் போஸ்டரை உரித்தார்கள். கீழ்ப் பகுதி ஒட்டிக்கொண்டு சுவரிலேயே நின்றது. உரிந்து வந்த முகத்தை மடித்து மண்பானையில் போட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டினார்கள். கோவளம் கடலில் விட வேண்டும் என்றார் பூசாரி. பானை முனிரத்தினத்தின் லோடு ஆட்டோவில்தான் போயிற்று. போவதற்கு முன் அவர் அக்காவிடம் வந்து, முதன்முறையாக நிமிர்ந்து பார்த்து, “மன்னிச்சுக்கோம்மா,” என்றார்.

“கேளம்பாக்கம் வழியாதான போவ?” என்றார் அக்கா. “எங்க ஊருதான். மெதுவா எடுத்துகினு போ.”

எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் போன பிறகு, அக்கா சுவரில் மிச்சமிருந்த கீழ் வரிசையைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்தார். ஆட்டோக்காரர்களின் முகங்கள் குழைந்து வந்தன. கடைசிப் படத்தை மட்டும் நகத்தால் நெம்பி, முழுதாக எடுத்தார். பிறகு சருகைப் பெருக்க ஆரம்பித்தார்.

கேஷவ் அன்று முழுவதையும் படம் பிடித்திருந்தார். ஜோதியின் ஆவி வெளியேற்றப்பட்டது என்று போட்டார். அடுத்த மாதமே ஏஜென்சியிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. “அதான் போயிடுச்சாமே, இனிமே வீட்டுக்காரங்க ஒன்னும் சொல்ல மாட்டாங்க” என்றார்களாம். இப்போது வண்டலூரில் ஒரு வீட்டில் இருக்கிறார். முதல் நாள் அங்கேயும் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். “உள்ள வாங்க, ஒங்கள வுட்டுப் போயிடுச்சுன்னு வீடியோல பாத்தோம்” என்றாளாம் அந்த வீட்டு மருமகள்.

“சந்தோஷமாக்கா?” என்று கேட்டேன்.

“நான் சாவலன்னு சொன்னேன், எவனும் நம்பல. நான் போயிட்டேன்னு அவன் சொன்னான், எல்லாம் நம்பிட்டாங்க. இன்னா பண்றது? வேல கெடச்சுது,” என்றார். கால் விரல்களை நீவிக்கொண்டிருந்தார்.

வண்டலூர் ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வேலை முடிந்து அவர் தாம்பரத்துக்கு வண்டி ஏற வேண்டும். அன்றுதான் அவரைப் பற்றித் தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். முதல் தடவை எழுதியபோது கேட்கவில்லையே என்றும் சொன்னேன்.

அவர் பர்ஸைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து தபால்தலை அளவு காகிதத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெளிறிய முகம். கண்ணாடி, வகிடு எடுத்து வாரிய தலை. அடியில் ‘செல்வமேரி’ என்று அச்சு.

“எழுது. ஆனா என் போட்டோ மட்டும் போடாத. போடறதுன்னா இவங்க போட்டோவப் போடு, பெருசா. பேர மட்டும் மாத்திப் போட்ரு. ரெண்டு தபா பாத்துட்டு போடு, இன்னா?”